பாலூட்டும் தாய்க்குப் பட்டினி எதற்கு?

பிள்ளை பெற்றவளைக் காணச் செல்வோர் முன்னாளில் கேட்ட கேள்வி ஒன்று. இந்நாளில் கேட்கும் கேள்வி வேறொன்று. “தாயும் சேயும் நலமா? பிள்ளைக்குப் பால் போதுகிறதா?” என்பது அன்றைய கேள்வி. “என்ன, இப்படிப் பெருத்துவிட்டாய்? எப்போது இளைக்கப் போகிறாய்?” என்பது இன்றைய கேள்வி. முன்னது நலம் விசாரித்தல். பின்னது குற்றம் விசாரித்தல். ஓர் உயிரைச் சுமந்து, மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டவள், தன் இடையின் சுற்றளவுக்காகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறாள். இதனைக் கண்டும் காணாதார்போல் இருத்தல் நமக்கு இனி இயலாது. ஏனெனில் இதன் விளைவை அண்மையில் நாம் நேரிற் கண்டோம்.

நம் இளமையில் நம்மிடம் முதன்முதலாக ஓதியவர்களுள் ஒருவர், சில திங்கள்களுக்கு முன் ஓர் அஸர் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகளுக்குத் தலைப்பிள்ளை பிறந்து நான்காம் மாதம். நிக்காஹ் வீடொன்றில் புகுந்த வீட்டு உறவினர் சிலர் அப்பெண்ணின் உடலைக் குறித்து நகையாடினர். அருகில் நின்ற கணவன் வாய் திறக்கவில்லை. அன்றிரவே அவள் சோற்றையும் இட்லியையும் கோதுமையையும் பருப்பையும் பழத்தையும் துறந்தாள். கைப்பேசியில் கண்ட ஒரு பட்டியலை வேதவாக்காகக் கொண்டாள். காலையில் ஒரு கை பாதாம், நண்பகலில் முட்டை, இரவில் இறைச்சி, இடையிடையே வெண்ணெய் என்பது அப்பட்டியல். இரண்டு வாரத்தில் ஐந்து கிலோ குறைந்தது. நகைத்தவர்களே வாழ்த்தினர். மூன்றாம் வாரத்தில் வாந்தி கண்டது, மூச்சு இரைத்தது, எழுந்து நிற்க இயலவில்லை. மருத்துவமனையில் அவளுடைய இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் அளவு கடந்து நிற்பதைக் கண்டனர். அவள் அங்கே குளுக்கோஸ் ஏற்றப்பெற்றுக் கிடந்த மூன்று நாளும் வீட்டில் குழந்தை புட்டியை ஏற்க மறுத்து அழுதது.

இவ்வளவையும் கூறி முடித்து அம்மாணவர் நம்மிடம் கேட்டார்: “ஹஜ்ரத்! உணவைக் குறைப்பது நன்மை என்று தாங்கள் எத்தனை ஜும்ஆவில் பயான் செய்திருக்கிறீர்கள்! என் மகள் அதைத்தானே செய்தாள்?”

அன்று நாம் விடையிறுக்கவில்லை. இக்கட்டுரையே அதற்கு விடை.

முதற்கண், இவ்வுணவு முறை எங்கிருந்து வந்தது என்று காண்போம். ரொட்டியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் விலக்கி உடல் இளைத்த வரலாற்றை 1863ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலாக வெளியிட்டுப் புகழ்பெற்றவர் இலண்டன் மாநகரின் வில்லியம் பான்டிங். அவர் அறுபது வயதைக் கடந்த ஆடவர். ஈமச் சடங்குகளை நடத்தித் தருவது அவர் தொழில். பின்னர் 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சார்ந்த ரஸ்ஸல் வைல்டர் என்னும் மருத்துவர், வலிப்பு நோயாளருக்காகக் கொழுப்பு மிகுந்த ‘கீட்டோ’ உணவை முன்மொழிந்தார். அது மருத்துவர் கண்காணிப்பில் அளந்து அளிக்கப்படுவது. 1972இல் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல் இம்முறையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. இன்று நம் தமிழகத்தில் ‘பேலியோ’ என்றும் ‘கீட்டோ’ என்றும் வழங்குவன இக்கிளையில் பூத்தவையே. முதியவர் ஒருவருக்கு ஏற்றதாய் இருந்தது. வலிப்பு நோயாளருக்கு மருந்தாய் அமைந்தது. நன்று! மறுக்கவில்லை. ஆனால் மடியில் பால் குடிக்கும் மகவோடு அமர்ந்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டதா இது? இல்லவே இல்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். தாய்ப்பால் நூறு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 7 கிராம் பால் சர்க்கரை உள்ளது. தாய்ப்பாலன்றி வேறொன்றும் அருந்தாத குழந்தை நாளொன்றுக்குச் சுமார் 750 மில்லிலிட்டர் பருகுகிறது. அப்படியாயின் குழந்தையின் பங்காக மட்டும் நாள்தோறும் ஐம்பது கிராமுக்கு மேற்பட்ட சர்க்கரை தாயின் உடலிலிருந்து வெளியேறுகிறது. கண்டிப்பான குறை மாவுச்சத்து முறையோ அவள் நாள் முழுதும் உண்பதற்கு இருபதிலிருந்து ஐம்பது கிராம்வரையே விடுகிறது. வரவனைத்தையும் பிள்ளைக்கே கொடுத்தாலும் பற்றவில்லை! பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 210 கிராம் மாவுச்சத்து வேண்டுமென அமெரிக்க உணவியல் வல்லுநர் வரையறுத்துள்ளனர். முதல் ஆறு மாதம் பாலூட்டுபவளுக்கு வழக்கமான உணவினும் 600 கலோரி மிகுதியாக வேண்டுமென ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டின் அறிக்கையில் கூறுகிறது.

“அப்படியானால் பால் வற்றிவிட வேண்டுமே! வற்றவில்லையே!” என்பர் சிலர். உண்மைதான், பெரும்பாலும் பால் எளிதில் வற்றுவதில்லை. இறைவன் படைப்பின் விந்தை அது. உணவில் சர்க்கரை வராவிடின் ஈரல் புரதத்தை உருக்கிச் சர்க்கரை செய்கிறது. கொழுப்பை எரித்துக் கீட்டோனை உண்டாக்குகிறது. பால் தடையின்றிச் சுரக்கிறது. பால் வற்றாது, தாய் வற்றுவாள். பிறருக்கு இக்கீட்டோன் ஓரளவில் நின்றுவிடும். பாலூட்டுபவளுக்கு இழப்பு இரட்டிப்பாதலின், சிற்சிலருக்கு அது எல்லை கடந்து இரத்தத்தையே அமிலமாக்கிவிடுகிறது. நீரிழிவு இல்லாத, பாலூட்டி வந்த 32 வயதுப் பெண்ணொருத்தி இவ்வுணவு முறையால் இவ்வாறு நோயுற்று மருத்துவமனை சேர்ந்த செய்தியை 2015இல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டனர். இத்தகு நிகழ்ச்சி அரிது என்பதையும் மறைக்க மாட்டோம். ஆனால் அரிதென்பது, நேர்ந்துவிட்ட வீட்டாருக்கு ஆறுதலாகுமோ?

“இரண்டே வாரத்தில் ஐந்து கிலோ” என்னும் பெருமையையும் சற்று உரைத்துப் பார்ப்போம். ஈரலிலும் தசையிலும் சேமித்துள்ள கிளைகோஜன் என்னும் சர்க்கரை, தன் எடையைப்போல் மும்மடங்கு நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் அச்சேமிப்புக் கரைகிறது, நீரும் வெளியேறுகிறது. எடைக்கருவி இறங்குகிறது, கொழுப்போ பெரிதும் இருந்தபடியே இருக்கிறது. தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துவிட்டுக் குடம் இளைத்தது என்று மகிழ்வது போன்றதே இது.

இவை மருத்துவர் கூறத்தக்கவை. நாம் கேட்டும் படித்தும் அறிந்தவை. நம் துறைக்குரிய செய்தி ஒன்று உண்டு. இம்முறைக்கு மார்க்கச் சாயம் பூசுவோரும் இப்போது தோன்றிவிட்டனர். “அரேபியர் சோறு உண்டனரா? இறைச்சியும் கொழுப்பும் உண்பதே நபிவழி” என்கின்றனர். இவர்கள் எந்த நூலைப் புரட்டினரோ நாம் அறியோம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்து உணவு வாற்கோதுமை ரொட்டியும் பேரீச்சம்பழமுமாகும். அடுப்பில் தீ மூட்டப்படாமலே திங்கள்கள் கழிந்தன என்றும், அந்நாள்களில் பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவாயின என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. இறைச்சி என்றோ வாய்த்தது. இனி, மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் துவண்டிருந்த வேளையில் இறைவன் அவர்களுக்கு அளித்த உணவு எது? திருமறையின் பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். கனிந்த பேரீச்சம்பழமும் நீரோடையும்! வெண்ணெய்க் கட்டியன்று. இன்றைய பட்டியல்காரரிடம் அவ்வன்னையார் சென்றிருப்பின், “பேரீச்சம்பழமா? ஆகாது!” என்று தட்டிப் பறித்திருப்பர் போலும்.

மேலும் எண்ணிப் பாருங்கள். ரமலான் நோன்பு கட்டாயக் கடமை. தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு நேருமென அஞ்சும் பாலூட்டும் தாய் அதனை விட்டுப் பின்னர் நோற்கலாம் என்று ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் இரண்டும் கூறுகின்றன. இறைவனே தன் உரிமையைத் தள்ளிவைத்து, “முதலில் பிள்ளை பசியாறட்டும்” என்று சலுகை அளித்திருக்க, நாத்தனாரின் நகைப்புக்காகவும் நிக்காஹ் வீட்டு நிழற்படத்துக்காகவும் அவளைப் பட்டினியில் ஆழ்த்த நமக்கு உரிமை அளித்தவர் யார்?

கணவன்மார்க்கும் ஒரு சொல். பாலூட்டும் காலத்தை இரண்டாண்டாகக் கூறும் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், அதே மூச்சில் அத்தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. உணவளிப்பது கடமை என்றால் அவ்வுணவை அவள் நாணமின்றி உண்ணுமாறு காப்பதும் அக்கடமையின் பகுதியன்றோ? சோற்றைக் கொணர்ந்து முன்னே வைத்துவிட்டு, அதை உண்ண இயலாதபடி ஒரு சொல்லால் தொண்டையை அடைப்பவன் கடமையை நிறைவேற்றியவன் ஆகான்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாறு இங்கு நினைவுக்கு வருகிறது. இரவுக் காவலில் ஒரு குழந்தை ஓயாது அழக் கேட்டார்கள். பால் மறந்த பிள்ளைக்கே கலீஃபா உதவித்தொகை அளிப்பதால் தன் பிள்ளையை முன்கூட்டியே பால் மறக்கச் செய்வதாக, தம்முன் நிற்பவர் யாரென அறியாமல் அத்தாய் கூறினாள். அன்றைய வைகறைத் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் அழுத அழுகையில் அவர்கள் ஓதியது பிறருக்குப் புலப்படவில்லை என வரலாற்றாசிரியர் எழுதுவர். பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் உதவித்தொகை என்று அன்றே ஆணை பிறந்தது. தம் சட்டத்தால் ஒரு தாய் நெருக்கப்பட்டாள் என்றறிந்து வல்லரசர் ஒருவர் சட்டத்தையே மாற்றினார். நம் கேலியால் ஒரு தாய் நெருக்கப்படுகிறாள் என்றறிந்தும் நாம் நம் நாவை மாற்றலாகாதோ?

இத்தனையும் கூறுவதால், பெருத்துக் கிடப்பதே அழகென்று நாம் வாதிடுவதாக எவரும் எண்ண வேண்டா. இம்முறையால் பயன்பெற்றோர் உளர். சர்க்கரை நோய் தணிந்தோரும் உளர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு எனக் கணக்கிட்டது. நம் வீடுகளும் குற்றமற்றவையல்ல. நெய்ச்சோறும் பிரியாணியும் வட்டிலப்பமுமாய் விருந்து, ஒரு நாளைக்கு நான்கு வேளை சர்க்கரைத் தேநீர், பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் கட்டிலில் கிடத்தி இலேகியத்தையும் நெய்யையும் ஊட்டிவிட்டு, நாற்பத்தோராம் நாள் “ஏன் பெருத்தாய்?” என்று கேட்கும் நீதி! கருவுற்ற காலத்தில் சர்க்கரை மிகுந்தவர்கள் மருத்துவரின் அறிவுரைப்படி மாவுச்சத்தை அளவிட்டு உண்ணவே வேண்டும். நாம் கூறுவது ஒன்றே: குறைத்தல் வேறு, துறத்தல் வேறு. வரம்பு மீறாதீர் என்ற திருமறைக் கட்டளை அதிகமாக உண்பவருக்கு மட்டும் உரியதன்று; அதிகமாகத் துறப்பவருக்கும் உரியதே.

வழி என்ன எனின், அது எளிது, ஆனால் மெதுவானது. மகப்பேற்றின்போதே ஐந்தாறு கிலோ இறங்கிவிடுகிறது. ஒரு கிலோ அளவுள்ள கருப்பை பழைய நிலைக்குச் சுருங்கவே ஆறு வாரம் ஆகிறது. அதுவரை எடைக்கருவியை மூலையில் வையுங்கள். அதன் பின்னர் வாரம் அரைக் கிலோ குறைந்தாற் போதும். எடை மிகுந்த பாலூட்டும் தாய்மார் அளவான உணவாலும் உடற்பயிற்சியாலும் அவ்வாறு இளைத்தபோது குழந்தைகளின் வளர்ச்சி குன்றவில்லை என்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. வெள்ளைச் சோற்றின் அளவைக் குறைத்துக் கேழ்வரகும் பயறும் கீரையும் மீனும் சேருங்கள். இனிப்பையும் குளிர்பானத்தையும் விலக்குங்கள். நாளும் நடங்கள். உடல் ஓயாது பெருப்பின் தைராய்டு சோதனை செய்யுங்கள். குறை மாவுச்சத்து உணவில் இருக்கும் பாலூட்டும் தாய்க்கு விடாத வாந்தியும் மூச்சிரைப்பும் காணுமாயின், நேரம் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பாலூட்டுவதையும் உண்ணும் முறையையும் அங்கே மறவாது கூறுங்கள். இரவில் அழும் பிள்ளையைத் தந்தையும் தோளில் சுமக்கட்டும், தாய் உறங்கட்டும்.

அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள், அன்னையார் வென்றார்கள். பின்னொரு காலத்தில் அன்னையாரின் உடல் சற்றுப் பெருத்திருந்தபோது மீண்டும் ஓடினார்கள். இம்முறை அண்ணலார் வென்று, அன்றைக்கு இது ஈடு என்று சிரித்தார்கள். மனைவியின் உடல் பெருத்ததைக் கண்ட கணவர் செய்தது இது: பழிக்கவில்லை, உடன் ஓடினார்கள்.

நம் மாணவரின் மகள் இப்போது நலம். அளவோடு சோறுண்கிறாள், பாலூட்டுகிறாள், மாலையில் மொட்டைமாடியில் நடக்கிறாள். கணவனும் உடன் நடப்பதாகக் கேள்வியுற்றோம். அவள் தந்தைக்கு நாம் கூறும் விடை இதுவே: உணவைக் குறைக்க நாம் செய்த பயானில் பிழையில்லை, யாருக்கு அது என்று விளக்காமல் விட்டது நம் பிழை. திரைக்கு அப்பால் பிள்ளையை மடியில் கிடத்திக் கேட்டிருந்தவளையும் அது சென்று தைக்கும் என நாம் எண்ணவில்லை. இனி அந்த பயானை, விருந்தில் இரண்டாம் தட்டுக்குக் கை நீட்டும் ஆடவர் வரிசையை நோக்கிச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.