ரயில் அட்டவணையும் ரூட்டரும்

இந்த வாரம் என்னைக் கோபப்படுத்தியது ஒரு வாட்ஸ்அப் செய்தி. வீட்டு வைஃபைக்கு 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வரப்போகிறதாம். புது ரூட்டரைக் கூடத்தில் வைத்தால் மொட்டைமாடி வரை சிக்னல் பாயுமாம். அண்ணன் மகள் அதை எனக்கு அனுப்பி, "சித்தப்பா, பழசைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டிருந்தாள். வேண்டாம்மா. செய்தியின் முதல் பாதி மெய். 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த ஆற்றலில், உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2025 மே மாதம் வரைவு விதிகளை வெளியிட்டது. இரண்டாம் பாதி பொய்.

எண் பெரிதானால் எல்லாம் பெரிது என்ற நம்பிக்கையோடு நான் மல்லுக்கட்டுவது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆனாலும் சொல்கிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். 6 கிகாஹெர்ட்ஸில் அது 5 சென்டிமீட்டர். அலைநீளம் குறையக் குறைய, பொதுவாகச் சுவரில் இழப்பது கூடும். பழைய 2.4 அலைவரிசையின் குறை இட நெருக்கடி. இருப்பது 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. அடுக்ககத்தின் அத்தனை ரூட்டர்களும் ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதற்குள்தான் முட்டிக்கொள்கின்றன. புதியதில் 500 மெகாஹெர்ட்ஸ் இடம் கிடைக்கும். ஆகவே தூரம் எட்டுவது பழையது. ஒரே அறைக்குள் தரவை அள்ளித் தருவது புதியது. இரண்டும் வேண்டும்.

எந்த அலை எந்தப் பொருளைக் கடக்கும்? ரூட்டர் வாங்குமுன் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியை, 1890களில் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் சிறிய அறையில் உட்கார்ந்து ஒருவர் பொருள் பொருளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜகதீச சந்திர போஸ். அவருக்கு முன் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் உண்டாக்கிய அலைகள் மிக நீளமானவை. ஒளியைப் போல அவையும் பட்டுத் திரும்புகின்றனவா, வளைகின்றனவா என்று பார்க்கக் கருவிகளும் பெரிதாக வேண்டும். போஸ் அலையைச் சுருக்கினார். ஐந்து மில்லிமீட்டர் வரை, அதாவது இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ் வரை போனார். உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரின் உதவியோடு செய்த கருவிகள் ஒரு மேசைமேல் அடங்கின. கந்தகத்தின் ஒளிவிலகல் எண்ணை அவற்றால் அளந்தார். 1897இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவற்றை இயக்கிக் காட்டினார்.

போஸின் கருவிகளில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு பிராட்ஷா ரயில் அட்டவணை. பக்கங்களுக்கு நடுவே வெள்ளீயத் தாள்களைச் செருகி, அந்தப் புத்தகத்தையே தளவிளைவு, அதாவது அலை அதிரும் திசை, காட்டும் கருவியாக ஆக்கிவிட்டார். அலையின் மின்புலம் தாள்களுக்குக் குறுக்காக அதிர்ந்தால் வழி கிடைக்கும். தாள்களின் போக்கிலேயே அதிர்ந்தால் அடைபடும். புத்தகத்தைக் கால்வட்டம் திருப்பினால் கடந்துகொண்டிருந்த அலை நின்றுவிடும். ரூட்டரின் ஆன்டெனாவை நிமிர்த்துவதும் சாய்ப்பதும் சில வீடுகளில் சிக்னலை மாற்றுவதற்குப் பின்னால் இதே தளவிளைவும் இருக்கிறது.

1921இல் வங்காளத்தில் அவர் வெளியிட்ட 'அவ்யக்த' கட்டுரைத் தொகுப்பை ஒவ்வொரு இயற்பியல் ஆசிரியரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பற்றிய கட்டுரை ஒன்று அதில் உண்டு. நமக்கு ஒளி புகாத செங்கல்லும் தாரும் அந்த ஒளிக்கு வழிவிடுகின்றன. நமக்குத் தெளிவான தண்ணீர் அதைத் தடுக்கிறது என்று குழந்தைக்கும் விளங்கும்படி எழுதுகிறார். உலர்ந்த செங்கல் சுவரைத் தாண்டும் வைஃபை, இரும்புக் கம்பி நெருங்கிய கான்கிரீட்டிலும் தண்ணீர்த் தொட்டியிலும் திணறுவது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள அங்கிருந்து தொடங்கலாம்.

இந்த மனிதரை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம்? வானொலியைக் கண்டுபிடித்தவர் என்ற பட்டத்தை மார்க்கோனியிடம் ஏமாந்து இழந்தவராக. மேடைக்கு மேடை அதே வழக்கு. என் மனத்தாங்கலே இதுதான். மார்க்கோனி தேடியது தூரம். அதற்கு நீண்ட அலைகளைப் பிடித்தார். போஸ் தேடியது அலையின் குணம். இருவரும் ஒரே பந்தயத்தில் ஓடவில்லை. 60 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் வைஃபைத் தரமான 802.11ஏடி 2012இல்தான் வந்தது. அதே ஆண்டு மின்பொறியாளர்களின் ஐஇஇஇ அமைப்பு, போஸின் மில்லிமீட்டர் அலைச் சோதனைகளைப் பொறியியல் மைல்கல்லாக அறிவித்துக் கல்கத்தாவில் பலகை வைத்தது. அவருக்குப் பெருமை சேர்ப்பது அந்த அளவைகள். பறிபோனதாகச் சொல்லப்படும் பட்டம் அல்ல.

பள்ளி ஆய்வகத்தில் ஒரு ரூட்டர், ஒரு கைபேசி, சிக்னலை டெசிபெலில் காட்டும் இலவசச் செயலி போதும். நடுவில் ஒரு செங்கல், ஒரு தகரத் தட்டு, ஒரு வாளித் தண்ணீர் என்று மாற்றி மாற்றி வைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும், ரூட்டரின் மற்ற அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கும் தனித்தனியே பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். போஸின் பெருமையைப் பேச ஒரு வகுப்பு போதும், ஆசிரியர்களே. அவரைப் போல அளந்து பார்க்க ஒரு பருவம் முழுக்கக் கொடுங்கள்.