பனிக் கணக்கு நடுவில் அறுபடக் கூடாது

பெங்களூருவின் ரிச்சர்ட்ஸ் டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. துருவப் பனி கரைவதைப் பற்றிப் பேச்செடுத்தால், பூங்காவுக்கு நடக்க வருபவர்கள் "நமக்கென்னம்மா?" என்கிறார்கள். நாகப்பட்டினத்தில் பிறந்து, காலமெல்லாம் இயற்பியல் சொல்லிக்கொடுத்த என்னால் அப்படி விட்டுவிட முடியவில்லை.

1992 முதல் 2020 வரை கிரீன்லாந்தும் அண்டார்க்டிகாவும் இழந்த பனி சுமார் 7,56,000 கோடி டன். அதனால் கடல் சராசரியாக 21 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது. ஆனால் எல்லாக் கரையிலும் ஒரே அளவு ஏறுவதில்லை. மலைபோன்ற பனி தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறையக் குறைய அந்தப் பிடி தளர்கிறது. கிரீன்லாந்து கரையும்போது அதை ஒட்டிய கடல் தாழும். தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கரைகளில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். நாகையும் ராமேசுவரமும் அந்தக் கரைகளில்தான் இருக்கின்றன.

2002இல் ஏவிய 'கிரேஸ்' இரட்டைச் செயற்கைக்கோள்கள் இந்த ஈர்ப்பைத்தான் அளந்தன. சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. பனி மிகுந்த இடம் நெருங்கினால் முன்னது சற்று முந்தும். அந்த நுண்ணிய மாற்றத்திலிருந்து பனியின் எடையைக் கணக்கிட்டார்கள். 2017இல் அவை ஓய்ந்தன. அடுத்த ஜோடி 2018 மே மாதம்தான் போனது. இடைப்பட்ட மாதங்களின் ஈர்ப்பை இனி யாரும் போய் அளந்துவர முடியாது.

பனியை வேறு வழியில் கவனிக்கும் இன்னொரு செயற்கைக்கோளும் இருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நாசா–இஸ்ரோவின் 'நிசார்', எங்கள் ஊர் யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டது. ரேடார் என்பதால் துருவ இருட்டும் மேகமும் அதற்குத் தடையில்லை. 12 நாளுக்கொரு முறை அதே இடத்துக்கு மேலே வரும். அண்டார்க்டிகாவை நன்றாகப் பார்ப்பதற்காக எப்போதும் இடப்பக்கமே நோக்கும்படி அமைத்திருக்கிறார்கள். தரையில் ஊன்றிய பனி கடலில் மிதக்கத் தொடங்கும் எல்லையில், அலையேற்றத்துக்கு ஏற்ப மிதக்கும் பகுதி மட்டும் ஏறி இறங்கும். வெவ்வேறு நாள் எடுத்த படங்களை ஒப்பிட்டால் அந்த வளைவு கோடாகத் தெரியும். கோடு உள்ளே நகர்ந்தால், ஊன்றி நின்ற பனி பிடியை விடுகிறது என்று பொருள். இதைவிட முக்கியமான கோடு நம் கடலோர மாவட்டங்களுக்கு வேறில்லை என்பேன்.

நிசாருக்கு இஸ்ரோ குறித்த ஆயுள் 5 ஆண்டு. ஒப்பந்தம் கையெழுத்தானது 2014இல். விண்ணுக்குப் போக 11 ஆண்டு பிடித்தது. கிரேஸுக்கு நேர்ந்த இடைவெளி மறுபடி விழாமலிருக்க, அடுத்ததற்கான அனுமதியையும் நிதியையும் மத்திய அரசு இப்போதே தர வேண்டும். அதே வேகத்தில் போனால், இன்று கையெழுத்திட்டாலும் அது ஏவப்பட 2035 தாண்டிவிடும்.