முதல் பக்கம் கெட்டால் கெடட்டும்!

அப்பா புது டிராயிங் நோட்டு வாங்கி வருகிறார். தாள் பால் போல வெள்ளையாக இருக்கிறது. பையன் ஆசையோடு பென்சிலைச் சீவுகிறான். முதல் பக்கத்தில் ஒரு மாடு வரைகிறான்.

கொம்பு கோணலாகப் போய்விடுகிறது. ரப்பரால் அழிக்கிறான். மறுபடி வரைகிறான். மறுபடி அழிக்கிறான். தாள் கிழிகிறது. "புது நோட்டைப் பாழாக்கி விட்டாயே!" என்று வீட்டில் ஒரு குரல் கேட்கிறது.

அவ்வளவுதான்! நோட்டு அலமாரிக்குள் போகிறது. அதோடு படம் வரைவதும் நின்று போகிறது.

பெரியவர்களிலும் இப்படிப் பலர் உண்டு. "எனக்குப் படம் வராது" என்பார்கள். வரைந்து பார்த்தார்களா? இல்லை. பிழை வந்துவிடுமே என்று பயந்து, வரையாமலே இருந்து விட்டார்கள்.

பிழையே இல்லாமல் வரைய வேண்டும் என்பது நல்ல ஆசை போலத் தோன்றும். ஆனால், பழகும் நாளில் அந்த ஆசையே கையைக் கட்டிப் போட்டு விடுகிறது.

மேதையின் கிறுக்கல்

"மோனாலிசா" ஓவியத்தை அறியாதவர் இல்லை. அதைத் தீட்டியவர் லியோனார்டோ டாவின்சி. இத்தாலி நாட்டில் 1452-ல் பிறந்தவர். அவர் தீட்டிய வண்ண ஓவியங்களில் இன்று மிஞ்சி இருப்பவை மிகச் சில. ஆனால், அவருடைய நோட்டுத் தாள்கள்? சுமார் 7,000 பக்கங்கள் கிடைத்திருக்கின்றன!

அந்தப் பக்கங்கள் எல்லாம் அழகாக இருக்கின்றனவா? இல்லை.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அவர் வரைந்த ஒரு தாள் இருக்கிறது. மேரி மாதாவையும் குழந்தை இயேசுவையும் வரைவதற்காக அவர் ஒத்திகை பார்த்த தாள் அது. கோட்டின் மேல் கோடு, அதன் மேல் இன்னொரு கோடு என்று போட்டுப் போட்டு, படமே கறுத்துப் போய்விட்டது. டாவின்சி அதைக் கசக்கி எறியவில்லை. கூரான ஊசி போன்ற கருவியால் வேண்டிய கோடுகளை மட்டும் அழுத்தினார். தாளைத் திருப்பினார். பின்பக்கம் பதிந்த தடத்தின் மேல் படத்தைத் தெளிவாக வரைந்தார்.

இளம் ஓவியர்களுக்கு அவர் ஒரு யோசனையும் எழுதி வைத்தார். எப்போதும் ஒரு சின்ன நோட்டைக் கையோடு கொண்டு போக வேண்டும். எளிதில் அழிக்க முடியாதபடி, நிறம் பூசிய தாளாக அது இருக்க வேண்டும். நோட்டு நிரம்பினால் புது நோட்டு எடுத்துக்கொண்டு, பழையதைப் பத்திரமாக வைக்க வேண்டும். இதுதான் அந்த யோசனை. அழிக்காமல் வரையச் சொன்னவர் உலகப் பெரும் ஓவியர்!

அவர் தமக்காக எழுதிய நோட்டு ஒன்று 1994-ல் நியூயார்க் நகரில் ஏலத்துக்கு வந்தது. மொத்தம் 72 பக்கம். போன விலை 3 கோடியே 8 லட்சம் டாலர்!

27 வயதில் தொடக்கம்

வின்சென்ட் வான்கோ ஹாலந்து நாட்டுக்காரர். ஓவியர் ஆவது என்று அவர் முடிவு செய்தது 1880-ல். அப்போது வயது 27. தொடக்கத்தில் அவர் வரைந்த மனித உருவங்கள் விறைப்பாகவும் கோணலாகவும் இருந்தன. அவர் நிறுத்தவில்லை. வரைபடப் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளையைப் போலப் பார்த்துப் பார்த்து வரைந்தார். 1890-ல் இறந்து போனார். அந்தப் பத்தே ஆண்டில் அவர் படைத்தவை 2,000-க்கும் மேல்!

ஜப்பான் நாட்டு ஹொக்குசாய் இன்னும் அதிசயமானவர். சீறி எழும் பெரிய கடல் அலையை வரைந்து உலகப் புகழ் பெற்றவர். "எழுபது வயதுக்கு முன்பு நான் வரைந்தது எதுவும் பொருட்டல்ல" என்ற கருத்தை அவரே 1834-ல் எழுதினார். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, தினமும் ஒரு சிங்கம் வரைவதை வழக்கமாக வைத்துக்கொண்டார். கிழவருக்கு எதற்கு இத்தனை சிங்கம்? தீமை அண்டாமல் இருக்க வேண்டும் என்பதற்குத்தான்!

கோலம் சொல்லும் பாடம்

நம் வீட்டு வாசலையே பாருங்கள். காலையில் போட்ட கோலம், பொழுது ஏறுவதற்குள் காலில் மிதிபட்டு அழிகிறது. அதற்காக யாரும் கண்ணீர் விடுவது இல்லை. நாளைக்கு வேறு கோலம்! இன்று ஓர் இழை தப்பினால் நாளை சரியாக வரும். டிராயிங் நோட்டையும் வாசலைப் போல நினைத்தால் பயம் போய்விடும்.

அப்படியானால் நேர்த்தி வேண்டாமா? வேண்டும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு நேர்த்தி வேண்டும். போட்டிக்கு அனுப்பும் படத்துக்கும் வேண்டும். ஆனால், நோட்டு என்பது பழகும் களம். சிலம்பம் பழகுகிறவன் முதல் நாளே அரங்கேறுவது இல்லை!

மார்க் இல்லாத நோட்டு

பள்ளிக்கூடத்து டிராயிங் நோட்டில் ஆசிரியர் மார்க் போடுவார். அதில் பிள்ளை பயந்து பயந்துதான் வரையும். ஆகவே, பெற்றோரே, மலிவு விலையில் இன்னொரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். அதற்கு மார்க் கிடையாது. யாரும் கேட்காமல் திறந்து பார்க்கவும் கூடாது.

முதல் பக்கம் பயமாக இருந்தால், நடுப் பக்கத்தில் தொடங்கட்டும். ரப்பரை எடுத்து வைத்துவிட்டு, பேனாவால் வரையட்டும். கோடு தப்பினால், பக்கத்திலேயே இன்னொரு கோடு போடட்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதி எழுதட்டும். ஆறு மாதம் கழித்து முதல் மாட்டையும் கடைசி மாட்டையும் சேர்த்துப் பார்த்தால், கை எவ்வளவு தேறி இருக்கிறது என்பது பிள்ளைக்கே தெரியும். கெட்ட பக்கத்தைக் கிழித்திருந்தால், அந்த மகிழ்ச்சி கிடைக்குமா?

பிள்ளை படத்தைக் கொண்டு வந்து காட்டினால், "இது மாடா, கழுதையா?" என்று சிரிக்காதீர்கள். "இந்த மாடு எங்கே போகிறது?" என்று கேளுங்கள். பிள்ளை கதை சொல்லும். சொல்லிவிட்டு, அடுத்த மாட்டை வரைய ஓடும்.

ஒரு நோட்டின் விலை சில ரூபாய். அது கெட்டால் இன்னொன்று வாங்கலாம். வரையும் ஆசை கெட்டால், அதை எந்தக் கடையில் வாங்குவது?