ஏட்டில் இல்லாத வண்டி

ஒரு காலத்தில் பல நகராட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கின. வரி கட்டினால் வண்டியில் மாட்ட ஒரு தகர வில்லை கொடுப்பார்கள். வில்லை இல்லாத வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள். இருட்டில் விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் ஏற்றினாலும் அபராதம் உண்டு. அந்தக் கெடுபிடி திரும்பி வர வேண்டாம். ஆனால் அன்றைக்குச் சைக்கிள் ஒரு வண்டியென்று ஏட்டில் இருந்தது. வரியை எடுத்தபோது வண்டியையும் சேர்த்து ஏட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். விவசாயம், வீட்டுத் தொழில் தவிர்த்த மற்ற உழைப்பாளிகளில் சுமார் 2.6 கோடிப் பேர் சைக்கிள் என்றார்கள். மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டரில் போனவர்கள் அதைவிடச் சற்றுக் குறைவு. இத்தனை பேர் ஓட்டும் சைக்கிளைத்தான் கொல்கத்தாவில் 2013இல் 174 சாலைகளில் ஓட்டக் கூடாது என்றார்கள். வண்டிகளைவிட மனிதர்களின் போக்குவரத்தே முக்கியம் என்று தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது 2006இல். கொள்கை வந்து ஏழு வருடம் கழித்து இந்தத் தடை!

நம் கோலார் தங்கவயலுக்கு வருவோம். மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டைக்கு ரயில் பாதையே சுமார் 16 கிலோமீட்டர்தான். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, ஊர்காம், சாம்பியன் என்று எதிலிருந்து எதற்கும் சைக்கிளில் போய்விடலாம். தங்கச் சுரங்கம் நடந்த நாளில் ஷாஃப்டைச் சுற்றியே தொழிலாளர்களுக்கு லைன் வீடுகளைக் கட்டினார்கள். நடந்தே ஷிப்டுக்குப் போக முடிந்தது. தள்ளிக் குடியிருந்தவர்களுக்குச் சைக்கிள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். வேலை பெங்களூருக்குப் போய்விட்டது, ஜனங்கள் இங்கேயே இருக்கிறார்கள். விடிவதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பி, ரயிலில் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரையிலான அந்த ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு யார் திட்டம் போட்டார்கள்? சைக்கிளில் வருகிறவர் கிடைத்த கம்பியில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு ஓடுகிறார். நாள் பூராவும் வெயிலிலும் மழையிலும் நின்று செயின் துருவேறுகிறது, சீட்டு வெடிக்கிறது. பின் டயரில் காற்று இருக்குமா என்ற கவலையோடுதான் ராத்திரி இறங்க வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு வருடம் பட்ட பிறகு அவர் தவணையில் பைக் வாங்கினால், மக்கள் சைக்கிளைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அதிகாரிகள் எழுதுகிறார்கள். கைவிட்டது யார்?

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதைதான். கர்நாடக அரசு 2006-07இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. கொரோனா காலத்தில் அது நின்றது. நல்ல திட்டம், மறுபடி வர வேண்டும். ஆனால் சைக்கிளைக் கொடுத்தது கல்வித்துறை. பிள்ளை ஓட்டிப்போகும் ரோடு வேறு துறையின் கையில். பெற்றோருக்கு லாரி பயம். வண்டி திண்ணையிலேயே நின்றுவிடுகிறது.

ரோட்டில் தனித் தடம் போட்டால் போதுமா? பெங்களூரில் 2020இல் வெளிவட்டச் சாலையில் சைக்கிளுக்குத் தனித் தடம் ஒதுக்கிக் கம்பங்கள் நட்டார்கள். கொஞ்ச நாளில் கம்பங்கள் சாய்ந்தன, பைக்குகள் புகுந்தன. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் போக்குவரத்துச் செலவில் 60 சதவீதம் என்று கொள்கையே எழுதியது. எழுதியதோடு சரியா என்று சென்னை ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். காவலும் பராமரிப்பும் இல்லாமல் பெயின்ட் அடித்தால் எங்கேயும் இதுதான் நடக்கும்.

ஆகவே தங்கவயலுக்கு வண்ணத் தடம் எதுவும் நான் கேட்கவில்லை. நகர அபிவிருத்தி ஆணையம் முதலில் ஒரு வாரம் காலை ரயில் நேரத்தில் ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் ஆள் நிறுத்தி, நடந்து வருகிறவர், சைக்கிளில் வருகிறவர் என்று தனித்தனியாக எண்ணட்டும். பிறகு மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என நான்கு ஸ்டேஷன்களிலும் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு வேண்டும். முதல் ரயிலுக்கு முன்னால் திறந்து, கடைசி ரயில் வந்த பிறகே மூட வேண்டும். பைக்குக்கு வாங்கும் கட்டணத்தைச் சைக்கிளுக்கு வாங்கக் கூடாது. ஸ்டேஷனிலிருந்து லைன்களுக்குப் போகும் ரோடுகளில் விளக்கு எரிய வேண்டும். ரயில்வேயும் நகரசபையும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் ஒரு வருடத்தில் முடிகிற வேலை இது.