கருவாடு மீனாகுமா?

ராயபுரத்திலிருந்து எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி சென்ற வாரம் வந்திருந்தாள். வந்ததும் வராததுமாகக் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். எங்க ஆயா!"

பார்த்தேன். காசிமேட்டுக் கடற்கரை. மணலில் ஓர் அம்மாள் உட்கார்ந்து பேசிக் கொண்டிருக்கிறார். பின்னால் அலை புரளுகிறது. பேச்சு நன்றாகக் காதில் விழுகிறது. முகத்தைத்தான் காணோம்! கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் சதுரம் சதுரமாக ஏதோ நகர்கிறது. புடவைக் கட்டமெல்லாம் கஞ்சியாகக் கரைந்து கிடக்கிறது.

நடந்தது இதுதான். படம் 12 நிமிஷம். பிடித்த அன்றே செல்போன் 'இடம் இல்லை' என்று முரண்டு செய்தது. குடும்பத்தார் எல்லோருக்கும் அனுப்பியாயிற்றே, அவர்களிடம் இருக்குமே என்ற தைரியத்தில் இவள் அசலை அழித்துவிட்டாள். போன மாதம் ஆயா காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்குப் பெரிய டெலிவிஷனில் போட்டுக் காட்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. சித்தியிடம் இருந்ததும் இதே படம், மாமாவிடம் இருந்ததும் இதே படம். அனுப்பும்போதே செயலி அதைச் சுருக்கிவிட்டது.

"பழையபடி ஆக்கிக் கொடுங்கக்கா. புதுசா என்னென்னவோ சாப்ட்வேர் வந்திருக்காமே?"

"கருவாடு மீனாகுமா, அம்மா?" என்று சொல்லிவிட்டேன். அவள் கண் கலங்கியதும், சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் உண்மை அதுதான். இக்காலத்து சாப்ட்வேர் முகத்தைப் பளிச்சென்று ஆக்கித் தரும். அது ஊகித்து வரைந்த முகம். ஆயாவின் முகம் அல்ல.

படத்தைச் சுருக்குவது எப்படி என்று தெரிந்து கொண்டால் இந்தத் துக்கம் நமக்கு வராது. மளிகைக் கணக்கில் ஒரே விவரம் திரும்பத் திரும்ப வந்தால் 'மேற்படி, மேற்படி' என்று எழுதுகிறோம் அல்லவா? வீடியோவும் அப்படித்தான். முதலில் ஒரு முழுப் படம். பிறகு மாறியதை மட்டும் குறித்துக் கொண்டு, மாறாததற்கு 'மேற்படி' போட்டுவிடும். திண்ணையில் அசையாமல் உட்கார்ந்து பேசுபவரைச் சுருக்குவது சுலபம். கடல் அலை, மழை, மத்தாப்பு, கோயில் கூட்டம் இவையெல்லாம் கணத்துக்குக் கணம் மாறுபவை. 'மேற்படி' போட இடமே இராது. விநாடிக்கு இவ்வளவுதான் என்று கறாராகப் படி அளக்கும்போது, அலை தின்றது போக மிச்சம்தான் ஆயா முகத்துக்கு!

அந்தப் படிக்கு 'பிட்ரேட்' என்று பெயர். கணக்கு மனக்கணக்குதான். விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை மொத்த விநாடிகளால் பெருக்கி 8 ஆல் வகுத்தால் படம் எத்தனை மெகாபைட் என்று வந்துவிடும். 12 நிமிஷம் என்றால் 720 விநாடி. விநாடிக்கு 16 மெகாபிட் என்றால் 1440 மெகாபைட். 4 மெகாபிட் என்றால் 360. ஒரே மெகாபிட்டில் நெருக்கினால் 90. இதற்குள் அலையும் வேண்டும், முகமும் வேண்டும் என்றால் நடக்கிற காரியமா?

'எம்.பி.4 ஆக மாற்றினால் சிறியதாகிவிடுமாமே?' என்று பலர் கேட்பதுண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். வெளியே இருப்பது கன்டெய்னர், சரக்கு உள்ளே. எம்.பி.4 என்பது வெறும் கன்டெய்னர். பெட்டியை மாற்றினால் சரக்கு குறையாது. உள்ளே அடுக்கும் முறையைத்தான் பார்க்க வேண்டும். 2003 இல் வந்த எச்.264 என்ற முறையை ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் படிக்கும். 2013 இல் வந்த எச்.265, அதே தரத்தைப் பாதிக்குக் கிட்டிய இடத்தில் அடக்கக்கூடியது. ஆனால் பழைய டெலிவிஷன்கள் சில அதைக் கண்டால் விழிக்கும். உறவினருக்குக் கொடுப்பதை எச்.264 இலேயே கொடுங்கள்.

சுருக்குவதற்கு 'ஹேண்ட்பிரேக்' என்ற சாப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் இத்தனை மெகாபைட்டுக்குள் அடக்கு என்று அதட்டாமல், இந்தத் தரத்தில் வை என்று சொல்லலாம். அதற்கு ஓர் எண் உண்டு. எண் குறையக் குறையத் தரமும் உயரும், அளவும் பெருகும். 1080 அளவுள்ள படத்துக்கு 20 முதல் 24 வரை வைக்கச் சொல்கிறார்கள். முழுப் படத்தையும் போட்டுவிட்டு வருந்தாதீர்கள். இட்லி மாவுக்கு உப்புப் பார்ப்பதுபோல, முகமும் அசைவும் சேர்ந்து வரும் அரை நிமிஷத்தை மட்டும் 20, 22, 24 என்று மூன்று விதமாகச் சுருக்கிப் பெரிய திரையில் பாருங்கள். வித்தியாசம் தெரியாத வரையில் பெரிய எண்ணே லாபம். செல்போன் திரையில் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்து போவீர்கள்.

ஒலியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 128 கிலோபிட் ஒலி நிமிஷத்துக்கு 1 மெகாபைட்டுக்கு மேல் போகாது. அங்கே கிள்ளி மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது?

பிடிக்கும்போதே சிக்கனம் செய்யவும் வழி உண்டு. கை நடுங்கினால் படம் முழுவதுமே மாறுகிறது, 'மேற்படி'க்கு வழியில்லை. செல்போனைச் சுவரிலோ படகு விளிம்பிலோ சாய்த்துப் பிடியுங்கள். நல்ல வெளிச்சத்தில் பிடியுங்கள். இருட்டில் தோன்றும் பொடிப்புள்ளிகளும் இடத்தை அடைத்துக் கொள்ளும். 4கே என்பதில் 1080 ஐப் போல நாலு மடங்கு புள்ளிகள். குழந்தையின் பிறந்த நாளுக்கு 1080 தாராளம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: அசல் வேறு, அனுப்பும் பிரதி வேறு. அசலைக் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வைத்து, இரண்டும் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே செல்போனிலிருந்து அழியுங்கள். சுருக்கிய பிரதியிலிருந்து மறுபடியும் சுருக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முகம் போகும். உறவினருக்கு அசலே வேண்டுமானால், வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் செயலி அதில் கை வைக்காது.

இது குடும்பப் படத்தோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததே, நினைவிருக்கிறதா? படகும் வலையும் கரி பூசியது போலாயின. இப்படிப்பட்ட சமயத்தில் பிடித்த படம் நாளைக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கலாம். தண்ணீர்மேல் மின்னும் எண்ணெய்ப் படலம், படகின் எண் போன்ற நுண்ணிய விவரங்கள்தான் சுருக்கும்போது முதலில் பலியாகும். எடுத்த நாளும் நேரமும் அசலில் பதிந்திருக்கும். கைமாறி வந்த பிரதியில் அது பெரும்பாலும் விட்டுப் போகும். அதையும் அழித்துவிட்டு யாரிடம் போய் முறையிடுவது?

ராயபுரத்துப் பெண்ணை நான் வெறுங்கையோடு அனுப்பவில்லை. படத்திலிருந்து ஒலியை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுத்தேன். இருவரும் உட்கார்ந்து கேட்டோம். நெத்திலியை எப்படி ஆய வேண்டும், எந்த வெயிலில் காய வைக்க வேண்டும் என்று ஆயா நிதானமாகச் சொல்லிக் கொண்டு வந்தார். நடுவில் ஒருமுறை பேத்தியின் பெயரைச் சொல்லி, "வெயிலு ஏறுது, தலையில துணியைப் போட்டுக்கடீ" என்றார்.

அவள் தன்னையறியாமல் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக் கொண்டாள்.