எட்டாம் வகுப்பின் வாயிற்படி



ஊருக்குக் குடிநீர் வந்ததா, விலைவாசி இறங்கிற்றா, ஆளுவோர் சொன்ன சொல்லைக் காத்தனரா - வாக்குச் சாவடிக்குச் செல்வோர் எண்ணிப் பார்ப்பது இவற்றைத்தானே! எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அல்ஜீப்ரா கற்பிக்கலாமா கூடாதா என்று கேட்டு வாக்குச் சீட்டை நீட்டிய நகரம் ஒன்று உண்டு என்றால் நகைப்பீர்கள். நகைக்க வேண்டாம். அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலே, கலிபோர்னியா மாநிலத்துச் சான்பிரான்சிஸ்கோ நகரிலே, 2024 மார்ச் 5-ஆம் நாள் அது நடந்தது. கற்பிக்கத்தான் வேண்டும் என்று நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் வாக்களித்தனர். பள்ளி ஆட்சிக் குழுவை அந்த வாக்கு சட்டப்படி கட்டுப்படுத்தாது. மக்கள் மனத்தை எடுத்துரைக்கும் வாக்கு, அவ்வளவே. குழுவோ, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை உணர்ந்து, அதற்கு முந்திய மாதமே அல்ஜீப்ராவைத் திரும்ப அழைக்கத் தீர்மானித்துவிட்டது!

கணக்கிலே ஒரு பாடம். அதற்கு ஏன் இத்தனை ஆரவாரம்?

அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்பிலே தொடங்கிப் பன்னிரண்டிலே முடிகிறது. ஆண்டுகள் நான்கு. கணக்கின் படிகளோ ஐந்து: முதல் அல்ஜீப்ரா, வடிவ கணிதம், இரண்டாம் அல்ஜீப்ரா, நுண்கணிதத்துக்கு முன்னோடியான பாடம், அதன்பின் நுண்கணிதம். ஆண்டுக்கொரு படியாக ஏறினால் நான்கு ஆண்டிலே ஐந்து படி ஏறுவது எங்ஙனம்? முதற்படியை எட்டாம் வகுப்பிலேயே ஏறி முடித்த பிள்ளைக்குத்தான் எளிதில் இயலும். நுண்கணிதம் கற்று வந்தவரைத்தான் பொறியியற் கல்விக்கூடங்களும் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களும் பரிவோடு பார்க்கின்றன. பொறியாளர் ஆகும் பாதையிலே எவன் முன்னே நிற்பான், எவன் பின்தங்குவான் என்பது அவனுக்கு மீசை அரும்புமுன்னே, பதின்மூன்று வயதிலேயே, பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. முடிவு செய்பவர் யார்? ஒரு தேர்வுத்தாள், ஓர் ஆசிரியரின் பரிந்துரை, பள்ளிக்கு வந்து வாதாடத் தெரிந்த தாய் தந்தை! கூலி வேலைக்குப் போகும் தாய் பள்ளிக்கூட வாயிலுக்கு எந்த நேரத்திலே வருவாள்? எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா அறைகளிலே வெள்ளையர் பிள்ளைகளும் ஆசிய இனத்தார் பிள்ளைகளும் நிறைந்திருக்க, கறுப்பர் பிள்ளைகளும் லத்தீன் அமெரிக்க வழிவந்தோர் பிள்ளைகளும் அருகியே காணப்பட்டதற்குக் காரணம் அறிவிலே இல்லை. இந்த ஏற்பாட்டிலே இருந்தது.

இந்த அநீதியைக் கண்டு மனம் கொதித்தவர்கள்தாம் 2014-இலே சான்பிரான்சிஸ்கோப் பள்ளிகளிலிருந்து எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை அகற்றியவர்கள். எல்லோரும் ஒன்பதிலே ஒன்றாகத் தொடங்கட்டும். முன்னே ஓடுபவனும் இல்லை, பின்னே தள்ளப்பட்டவனும் இல்லை என்றனர். நோக்கம் தூய்மையானது. ஆனால் நோக்கம் மட்டும் நுகத்தடியை அறுத்துவிடுமா? பணம் படைத்தோர் என்ன செய்தனர்? வெளியிலே கட்டணம் கட்டிப் பிள்ளைக்கு அதே பாடத்தைச் சொல்லிக் கொடுத்தனர். அல்லது பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றினர். கட்ட வழியில்லாதவன் வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளை ஓராண்டு காத்து நின்றது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இலே கணக்குப் பார்த்தபோது, மேல்நிலைக் கணக்குப் பாடங்களிலே இனத்துக்கும் இனத்துக்கும் இடையே இருந்த பள்ளம் தூர்ந்தபாடில்லை என்று கண்டனர்.

அப்படியாயின், எல்லோரையும் வலிந்து உள்ளே அழைத்துவிட்டால்? அதையும் ஒரு நகரம் செய்து பார்த்தது. சிகாகோ, 1997: ஒன்பதாம் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் அல்ஜீப்ரா படித்தே தீரவேண்டும் என்று ஆணை பிறந்தது. விளைவு? தோற்றவர் தொகை ஏறிற்று. தேர்வு மதிப்பெண் ஏறவில்லை. பின்னங்களைக் கூட்டத் தெரியாமல் வந்த பிள்ளையின் முன்னே எக்ஸ் என்றும் ஒய் என்றும் எழுதிப் போட்டு, சமத்துவம் வந்துவிட்டது, சாமரம் வீசுங்கள் என்றால் எப்படி? ஆனால் அதே சிகாகோ 2003-இலே இன்னொன்று செய்தது. பின்தங்கிய பிள்ளைகளுக்கு அல்ஜீப்ராவுக்கென்று நாள்தோறும் இரண்டு பாடவேளை தந்தது. அந்தப் பிள்ளைகளிலே பள்ளியை முடித்தவர் தொகையும், கல்லூரி வாயிலை மிதித்தவர் தொகையும் கூடிற்று என்று பின்னாளிலே ஆய்ந்தோர் எழுதினர். ஆணை தராததை அந்த இரண்டாம் மணி தந்தது.

இந்த இடத்திலே, கணக்கையும் வாக்குச் சீட்டையும் ஒரே மூச்சிலே பேசிய ஒருவரை உங்கள்முன் நிறுத்த விரும்புகிறேன். ராபர்ட் மோசஸ். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியிலே 1935-இலே பிறந்த கறுப்பர். ஹார்வர்டிலே பயின்று கணக்காசிரியராக இருந்தவர். 1961-இலே மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்று, வாக்குரிமை மறுக்கப்பட்ட தம் மக்களைப் பட்டியலிலே சேர்க்கப் புறப்பட்டார். அங்கே பெயரைப் பதியச் செல்பவன் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படித்துப் பொருள் சொல்லவேண்டும். சொன்னது சரியா என்று தீர்ப்பளிப்பவரோ பதிவாளர் ஒருவரே! பள்ளி மறுத்தவனே, படிக்கவில்லை என்று சொல்லி வாக்கையும் மறுத்த விந்தை அது. அந்த ஆகஸ்டிலே, பதிவு செய்ய வந்தோருக்குத் துணையாக நடந்துசென்ற மோசஸ் தெருவிலே தாக்கப்பட்டார். தலை பிளந்து தையல் போட்டனர். அந்த ஊரின் பெயர் லிபர்ட்டி. விடுதலை என்று பொருள்! வழக்குத் தொடுத்தார், விடுதலை கிடைத்தது - அடித்தவனுக்கு.

இருபது ஆண்டுகள் உருண்டன. கேம்பிரிட்ஜ் நகரிலே தம் மகள் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது, அப்பள்ளியிலே அல்ஜீப்ரா இல்லை என்று அறிந்தார்; தாமே வகுப்பறைக்குள் நுழைந்து கற்பிக்கத் தொடங்கினார். 1982-இலே தமக்குக் கிடைத்த மக்கார்தர் நல்கையை அப்பணிக்கே ஆக்கினார். அதுவே அல்ஜீப்ராத் திட்டம் என்று வளர்ந்தது. வாக்கில்லாதவன் அன்று குடிமகனாக இல்லை. கணக்கறியாதவன் இனிப் பொருளாதாரத்திலே குடிமகனாக இருக்கமாட்டான் என்பது அவர் வாதம். வாரத்துக்கு உழுபவன் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று அளந்து போட்ட கல்வியின் எச்சம் இது என்றார்.

அவர் கற்பித்த முறையைக் கேளுங்கள். (கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டிறங்கிய எனக்கே விளங்குகிறது, உங்களுக்கு விளங்காமலா போகும்?) கீழ் வகுப்பிலே பிள்ளை கற்ற கணக்கெல்லாம் "எத்தனை?" என்ற ஒரே கேள்வியின் கணக்கு. அல்ஜீப்ராவோ, "எந்தப் பக்கம்?" என்றும் கேட்கிறது. அந்த இரண்டாம் கேள்வி பிள்ளையின் மனத்திலே இல்லாததால்தான் மைனஸ் குறியைக் கண்டதும் திகைக்கிறது. ஆகவே மோசஸ் பிள்ளைகளைச் சுரங்க ரயிலிலே ஏற்றினார். எங்கே ஏறினோம்? எந்தத் திசையிலே போனோம்? எத்தனை நிலையம் கடந்தோம்? திரும்பி வந்து படம் வரையச் சொன்னார். வீட்டிலே பேசும் பேச்சிலே எழுதச் சொன்னார். பிறகு அதைக் கணக்கின் ஒழுங்குக்கு ஏற்றபடி திருத்திச் சொல்ல வைத்தார். கடைசியாகத்தான் குறியீடு வந்தது. எண்கோட்டிலே பூச்சியத்துக்கு இப்பால் மூன்று, அப்பால் மூன்று என்பது, ஏறிய நிலையத்துக்கு முன்னும் பின்னும் மூன்று நிலையம் என்று பிள்ளையின் காலுக்கே தெரிந்த செய்தியாயிற்று.

எந்த வகுப்பிலே எது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. 8 + 4 = ? + 5 என்று எழுதி, கேள்விக்குறி நிற்கும் இடத்திலே எந்த எண் வரவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். 12 என்று சொல்லும் பிள்ளைகள் எந்நாட்டிலும் ஏராளம். 7 என்று சொல்ல, சமக்குறி என்பது "விடையை எழுது" என்னும் ஏவல் அன்று, இரு தட்டும் நேராக நிற்கும் தராசு என்று தெரிந்திருக்க வேண்டும். தொடக்கப் பள்ளியிலேயே இது மனத்திலே பதிய வேண்டும். பின்னமும் விகிதமும் ஐந்திலிருந்து ஏழுக்குள் கைவசமாக வேண்டும். குறை எண்ணும், எண்ணுக்கு மாற்றாக நிற்கும் எழுத்தும் ஆறிலும் ஏழிலும் பழகவேண்டும். அப்படி வந்த பிள்ளைக்கு எட்டிலே நேர்கோட்டுச் சமன்பாடு விருந்து. வராத பிள்ளைக்கு ஒன்பதிலும் அது வேப்பங்காய். இருபடிச் சமன்பாடு முதலியன அதன்பின் தாமே வரிசையிலே வந்து நிற்கும். எட்டா ஒன்பதா என்று ஊரெல்லாம் முழங்கியவர்கள், மூன்றிலும் நான்கிலும் நடப்பதைப் பற்றி முணுமுணுக்கவும் இல்லையே!

டெக்சாஸ் மாநிலம் 2023-இலே ஒரு சட்டம் செய்தது. ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தேர்விலே முன்வரிசை நாற்பது விழுக்காட்டிலே வந்த பிள்ளைகளை, எவர் பரிந்துரையும் கேளாமல், ஆறாம் வகுப்பிலே உயர்கணக்குப் பாதையிலே சேர்த்துவிட வேண்டும்; வேண்டாம் என்றால் பெற்றோர்தாம் சொல்லவேண்டும். நல்ல ஏற்பாடு, ஆசிரியரின் கண்ணுக்குத் தெரியாமல் கடைசி பெஞ்சியிலே உட்கார்ந்திருந்த கெட்டிக்காரனை அது கைப்பிடித்து அழைக்கும். எஞ்சிய அறுபது? மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சனுக்குத் திரும்பிச் சென்று உயர்நிலைப் பள்ளியிலே மீண்டும் சாக்கட்டி பிடித்த மோசஸ், 2021 ஜூலையிலே தம் 86-ஆம் வயதிலே மறையுமுன், தம் திட்டத்தின் வகுப்புகளுக்கென்று தேடி எடுத்தது மதிப்பெண் பட்டியலின் அடிக்கால் பங்கிலே கிடந்த பிள்ளைகளைத்தான். சிறு வகுப்பு, நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் கணக்கு, நான்கு ஆண்டுகளும்.