சிரிப்புக்கு ஆளான சொல்



நம் பங்கில் நாற்பது ஆண்டுக் காலம் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காத்த பெரியவர் ஒருவர் உளர். வண்டி செல்லும் ஓசையைக் கேட்டே அதன் நோயைக் கூற வல்லவர். அமெரிக்காவில் வாழும் மகளின் இல்லத்தில் மூன்று திங்கள் தங்கி மீண்டார். நலம் விசாரிக்கச் சென்ற நம்மிடம், "சாமி, நம்ம இங்கிலீசு அங்கே செல்லாது" என்று சொல்லித் தலை கவிழ்ந்தார்.

நடந்தது இதுதான். சென்ற மறுநாளே மகளின் காரில் அமர்ந்தவர், ஓசையைக் கேட்டு, "சைலன்சரில் ஓட்டை விழுந்திருக்கிறது" என்றார். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். அமெரிக்கர் வழக்கில் சைலன்சர் என்பது துப்பாக்கியின் வெடியோசையை அடக்கப் பொருத்தும் குழாய்! காரில் உள்ளதை அவர்கள் 'மப்ளர்' என்பர். மப்ளர் என்றதும் பெரியவரின் கை, தம் கழுத்தில் சுற்றியிருந்த கம்பளித் துணியைத் தடவிற்று. பேரன் மீண்டும் சிரித்தான், மகளும் சிரித்தாள். அதன்பின் ஊர் திரும்பும்வரை வண்டியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பட்டறையில் கண்ட பழுதோ, அவர் சொன்ன அதே பழுது!

அவருக்கு ஆறுதலாக நாம் எடுத்துரைத்தவற்றை உங்களுக்கும் கூற விழைகின்றோம்.

பிரிட்டனின் ஆட்சியிலிருந்து விலகுவதாக அமெரிக்கா அறிவித்தது 1776-இல். கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886-இல். ஆக, கார் பிறந்தபோது ஆங்கிலம் பேசும் அவ்விரு நாடுகளும் தனிக்குடித்தனம் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகியிருந்தது. புதுக்குழந்தையின் உறுப்புகள் பலவற்றுக்கு இரு வீட்டாரும் தனித்தனியே பெயர் சூட்டினர்.

காரின் பின்புறம் சாமான் வைக்கும் இடத்தை ஆங்கிலேயர் 'பூட்' என்றனர். குதிரை வண்டியில் சாமான் வைத்த பகுதியின் பெயர் அது. அமெரிக்கரோ 'டிரங்க்' என்றனர். பழைய கார்களின் பின்னே உண்மையாகவே ஒரு டிரங்குப் பெட்டியை வைத்துக் கட்டினர். நம் பாட்டிமார் கட்டிலின் கீழ் வைத்திருந்தார்களே, அதே டிரங்குப் பெட்டிதான். நாம் சொல்லும் 'டிக்கி', முற்கால வண்டிகளின் பின்புறம் இருந்த மடிப்பு இருக்கையின் பெயராகும்.

சொற்கள் வேறாக இருப்பின் தீங்கில்லை. புரியாதவர் கேட்டுத் தெளிவர். ஒரே சொல் இரு பொருள் தரும்போதுதான் இடர். எஞ்சினின் மூடியை ஆங்கிலேயரும் நாமும் 'பானட்' என்கின்றோம்; அமெரிக்கர் 'ஹூட்' என்கின்றனர். இங்கிலாந்திலோ ஹூட் என்பது சில கார்களின் மேலுள்ள மடக்குத் துணிக்கூரை. 'காஸ் தீர்ந்துவிட்டது' என்றால் நம் இல்லத்தரசியர் அடுப்பைப் பார்ப்பர். அமெரிக்கர் பெட்ரோல் நிலையத்தைத் தேடுவர். 'பேவ்மென்ட்' என்பது இங்கிலாந்தில் மக்கள் நடக்கும் நடைபாதை. அமெரிக்காவில் அது பெரும்பாலும் வண்டிகள் ஓடும் சாலைத் தளம். 'பேவ்மென்டிலேயே நில்' என்று இலண்டன் தாய் பிள்ளையைக் காக்கச் சொல்வது, அமெரிக்கப் பிள்ளையின் காதில் 'நடுவீதியில் நில்' என்று விழக்கூடுமே!

இவற்றையெல்லாம் கேட்டிருந்த பெரியவர், "அப்படியானால் நம்ம ஸ்டெப்னி, சாமி? அதற்கும் பேரன் சிரித்தான்" என்றார்.

அச்சொல்லுக்கு ஊரும் உண்டு, தெருவும் உண்டு. தொடக்க காலக் கார்கள் மாற்றுச் சக்கரம் இன்றியே விற்கப்பட்டன. வேல்ஸ் நாட்டின் லானெல்லி நகரில், தாமஸ் மாரிஸ் டேவிஸ் என்பவர் 1904-இல் ஒரு மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினார். அந்நகரின் ஸ்டெப்னி தெருவே அதற்குப் பெயராயிற்று. ஆங்கிலேயர் இன்று பெரும்பாலும் மறந்துவிட்ட அப்பெயரை நம் ஓட்டுநர்கள் காத்து வருகின்றனர். பிரேசில் நாட்டினரும் அதை 'எஸ்டெப்பி' என்று வழங்குகின்றனர். இதைக் கேட்டதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குடும்பத்தாரே, பெரியவரின் சொல்லில் பிழையில்லை. பேரன் அறிந்த சொல்லிலும் பிழையில்லை. சொல்லைக் கேட்டவர்கள் அவர் சுட்டிய பழுதைக் கேளாமல் விட்டதே குறை. "தாத்தா, எதைச் சொல்கிறீர்கள்?" என்ற ஒரு வினா போதுமாயிருந்தது. அது கேட்கப்படாமையால், நாற்பது ஆண்டு அனுபவம் அவ்வீட்டின் ஒரு மூலையில் மூன்று திங்கள் மௌனமாய் அமர்ந்திருந்தது. நம் இல்லங்களில் எத்தனை பெரியவர்கள் இவ்வாறு வாய் மூடியிருக்கின்றனரோ!

சென்ற ஞாயிறன்று பேரன் தொலைபேசியில் அழைத்தானாம். பெரியவர் லானெல்லி நகரத் தெருவின் கதையைச் சொன்னாராம். இம்முறை அவன் சிரிக்கவில்லை. "வேறு என்ன தெரியும், தாத்தா?" என்று கேட்டானாம்.